மிடில் லிடில்: 'டெலி' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு பழைய அகராதியைச் சோதித்த விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். ஒரு பழங்கிரேக்கச் சொல்லுக்கு என்ன பொருள், அதை யார் எங்கே எப்படி எழுதினார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இந்த அகராதியைத் தாராளமாக வாங்கலாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்த மொழியில் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இது பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும், மீதியை நீங்களே நடந்துதான் போக வேண்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த அரை எதற்கு என்பது கீழே வரும்.

சரி, இன்னும் இருப்பவர்களுக்கு விவரம். ஹென்றி ஜார்ஜ் லிடில், ராபர்ட் ஸ்காட் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டுக்காரர்கள் 1843-இல் ஒரு கிரேக்க-ஆங்கில அகராதி வெளியிட்டார்கள். ஃபிரான்ஸ் பாஸோ என்ற ஜெர்மன் அறிஞர் செய்து வைத்திருந்த அகராதிதான் அதற்கு அடித்தளம். பதிப்புக்குப் பதிப்பு அது பெருத்துக்கொண்டே போனது, ஸ்டூவர்ட் ஜோன்ஸும் மெக்கன்சியும் திருத்திய ஒன்பதாம் பதிப்பு பகுதி பகுதியாக வெளிவந்து 1940-இல்தான் முடிந்தது. அதற்கெல்லாம் முன்னாலேயே, ஏழாம் பதிப்பைச் சுருக்கி, கல்லூரி மாணவன் கையில் தூக்கிப் போகிற அளவில் 1889-இல் ஒன்று போட்டார்கள். நான் வாங்கியது அதன் மறு அச்சு ஒன்று. லிடில் என்ற பெயர் 'மிடில்' என்பதோடு எதுகையாக விழுவதால் நடுத்தர அளவுக்கு மிடில் லிடில் என்றும், அதைவிடச் சின்னதுக்கு லிட்டில் லிடில் என்றும் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது.

கடைக்காரருக்கு இந்தப் பெயரும் தெரியவில்லை, அது வேறு விஷயம். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் இறக்கத்தில் இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடை. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. "அண்ணே, இது என்ன பாஷைன்னே தெரியல, ரொம்ப நாளா கெடக்கு, நீங்க எடுத்துக்கிட்டா ஒரு எடம் காலியாகும்" என்றவர், அடுத்த மூச்சிலேயே தொள்ளாயிரம் ரூபாய் என்றார். இடம் காலியாவதற்கு நான்தான் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன், சிரித்தார், 600-க்கு முடிந்தது. இந்த மலையில் இப்படிப்பட்ட புத்தகம் கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குப் பயந்து 1845-இல் வந்து வீடு கட்டிய ஊர். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையார் குருமடம் தொடங்கினார்கள், லத்தீனும் கிரேக்கமும் தெரிந்த பாதிரிமார் தலைமுறை தலைமுறையாக நடமாடிய பாதை இது. அவர்களில் யார் வீட்டுப் புத்தகமோ, முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள், பெயர் போய்விட்டது. பென்சில் குறிப்புகள் மட்டும் ஓரங்களில் அப்படியே இருக்கின்றன, பொடி எழுத்து, அழகான கை.

எனக்கு ஏன் கிரேக்க அகராதி என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டெலிபோன், டெலிகிராம், டெலிபிரிண்டர், டெலெக்ஸ், டெலிகாம் என்று எங்கள் ஆபீஸில் தொட்டதெல்லாம் டெலி. மழைக்காலத்தில் சோலைக்காட்டு ஓரமாக மரம் விழுந்து லைன் போனால் குடையும் டெஸ்ட் போனும் தூக்கிக்கொண்டு கேபிள் ஜாயிண்டைத் தேடி அட்டைக்கடியில் அலைந்ததும் அந்த டெலிக்காகத்தான். வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கித் தந்த அந்தச் சொல் உண்மையில் என்ன என்று ஒருநாளும் பார்க்கவில்லையே என்றுதான் தோன்றியது. ஆகவே அகராதியின் மற்ற பக்கங்களைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒரு சொல்லை எடுத்தேன், அதை வைத்துப் புத்தகத்தை அளந்தேன், அவ்வளவுதான்.

முதலில் எழுத்து படிக்க வேண்டும். பயப்படாதீர்கள், கிரேக்கத்தில் 24 எழுத்துதான், பள்ளிக்கூடக் கணக்கிலும் இயற்பியலிலும் ஆல்பா, பீட்டா, தீட்டா, பை, சிக்மா, ஒமேகா என்று பாதிக்கு மேல் நமக்கு ஏற்கெனவே அறிமுகம். இதில் தமிழனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. கிரேக்கத்தில் குறில் எகரத்துக்கு ஓர் எழுத்து, நெடில் ஏகாரத்துக்கு வேறு எழுத்து, அதேபோல ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி. ஆங்கிலத்தில் எழுதினால் இந்த வித்தியாசம் செத்துப்போகும், சமஸ்கிருத எழுத்திலோ குறில் எகரமும் ஒகரமும் கிடையவே கிடையாது. தமிழில் அப்படியே எழுதலாம். பழைய ஓலையில் குறிலுக்குப் புள்ளி வைத்த கதையும், வீரமாமுனிவர் அதை மாற்றிய கதையும் பள்ளியில் படித்திருப்பீர்கள், அந்தப் புண்ணியம் இங்கே உதவுகிறது. ஆனால் நமக்கு ஒரு குறையும் உண்டு: தீட்டாவுக்கும் தௌ என்ற எழுத்துக்கும் நம்மிடம் ஒரே 'த'தான்.

இப்போது சொல். நாம் டெலி என்பது ஆங்கிலேயன் வாய் வழியாக வந்த உருவம். கிரேக்கத்தில் அது 'தேலெ'. முதல் எழுத்து பல்லைத் தொடுகிற த, அடுத்தது நெடில், கடைசி குறில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே 'தெலொஸ்' என்று ஒரு சொல் நிற்கும், அதற்கு முடிவு, நோக்கம் என்று பொருள், தத்துவக்காரர்கள் பேசும் டெலியாலஜி அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், இரண்டையும் போட்டுக் குழப்பிய கட்டுரைகள் ஊர்ப்பட்டவை. தமிழில் எழுதிவிட்டால் தேலெ வேறு தெலொஸ் வேறு என்று பார்த்தவுடனே தெரிகிறது.

தேலெ ஒரு வினையடை. தொலைவில், தூரத்தில் என்று பொருள். அகராதியில் பதிவு ரொம்பச் சின்னது. வினையடை என்று ஒரு சுருக்கக்குறி, 'தேலூ' என்ற இன்னொரு வடிவம் போலவே என்று ஒரு குறிப்பு, பொருள், இலியட், ஒடிசி என்ற காவியங்களைப் பாடிய ஹோமரில் வருகிறது என்று ஒரு குறி, வேற்றுமையோடு சேர்ந்து வந்தால் 'இன்னதிலிருந்து தொலைவில்' என்று ஆகும் என்பது, அவ்வளவுதான். சுருக்கக்குறிகள் பழகச் சில நாள் பிடிக்கும், முன்பக்கத்துப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க முடியும். பழகிய பிறகு இந்தச் சிக்கனமே பிடித்துப்போகிறது. ஒரு வெட்டி வார்த்தை கிடையாது, டிரங்க் புக்கிங் சீட்டு எழுதியவனுக்கு இது புரியும்.

இந்தப் புத்தகத்தின் பலம் தனிப் பதிவில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. அகராதியை அச்சில் வைத்திருப்பதன் லாபமே இதுதான், கைபேசியில் தேடினால் கேட்ட சொல் மட்டும் வந்து நிற்கும், இங்கே அக்கம்பக்கத்து வீடெல்லாம் தெரிகிறது. தேலெவுக்கு மேலும் கீழும் கண்ணை ஓட்டினால் 'தேலொதென்' என்றால் தொலைவிலிருந்து, 'தேலொதி' என்றால் தொலைவில், 'தேலொஸெ' என்றால் தொலைவுக்கு. நாம் வேற்றுமை உருபு சேர்ப்பதுபோலவே ஒரே அடிக்கு மூன்று வால். தேலொதி, இலியட்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும்: கைதியாகப் பிடித்து வைத்த மகளை மீட்க வந்த பூசாரிக் கிழவரிடம் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான், உன் மகளை விட மாட்டேன், பிறந்த மண்ணுக்குத் தொலைவில் ஆர்கோஸில் என் வீட்டில்தான் அவள் கிழவியாவாள் என்று திமிராகச் சொல்கிறான். அந்தத் 'தொலைவில்'தான் தேலொதி. அதே காவியத்தில் நண்பர்களுக்கும் தாய்நாட்டுக்கும் தொலைவில் வீரர்கள் சாவதைச் சொல்கிற இடங்களில் வெறும் தேலெ வருகிறது. இன்னோர் இடம், செத்த எக்டரைத் தேரில் கட்டி இழுத்துப்போவதை மதில் மேலிருந்து பார்த்த அவன் மனைவி ஆண்ட்ரொமக்கே தலையலங்காரத்தைப் பிய்த்துத் தூர எறிகிறாள், அந்தத் 'தூர' என்பதும் தேலெ. கடல் கடந்த தூரத்துக்கும் கையெறி தூரத்துக்கும் ஒரே சொல், நம் ஊரில் 'தூரப் போடு' என்பதும் 'தூர தேசம்' என்பதும் போல.

அப்புறம் பெயர்கள். ஒடிசியஸின் மகன் தெலெமகஸ், கிரேக்கத்தில் 'தேலெமகொஸ்', தொலைவில் போர் செய்பவன். அப்பன் ட்ராயில் போர் செய்யும்போது பிள்ளை ஊரில் வளர்ந்ததால் வைத்த பெயர் என்பார்கள், தொலைவிலிருந்து அம்பு விடுபவன் என்றும் எடுக்கலாம். ஒடிசியஸுக்கு மாயக்காரி கிர்க்கேயிடம் பிறந்த இன்னொரு மகன் 'தேலெகொனொஸ்', தொலைவில் பிறந்தவன். அவன் கையாலேயே தகப்பன் செத்தான் என்பது பிற்காலக் கதை. தாய்ப்பால் முதல் தந்தை சாவு வரை ஒரு குடும்பத்தையே இந்த வினையடை ஆட்டி வைத்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டுச் சொற்களும் இந்த அகராதியில் உண்டு, பைபிள் படிக்கிறவர்களுக்கு இது கூடுதல் லாபம். 'தேலௌகோஸ்' என்று ஒரு வினையடை, தொலைவிலும் ஒளி தெரிகிற மாதிரி, அதாவது தெளிவாக. புதிய ஏற்பாட்டில் அது மாற்கு எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா குருடனுக்குப் பார்வை வருகிற இடத்தில் மட்டும் வருகிறது. முதலில் மனுஷர் மரங்களைப்போல நடக்கிறதாகத் தெரிகிறார்கள், இரண்டாம் முறை கை வைத்த பிறகு எல்லாவற்றையும் தேலௌகோஸ் பார்த்தான். மாசி மாதம் மஞ்சு விலகின காலையில் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து கீழே பெரியகுளத்துப் பக்கம் பார்க்கிறவனுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வத்தலக்குண்டில் இருக்கும் என் மைத்துனர் வந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கைபேசியில் வருகிற செய்தியெல்லாம் அவருக்குச் சாசனம். புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார், "மச்சான், இதுக்கு எதுக்கு அறுநூறு ரூபா? தொலைதான் தேலெ ஆச்சு. தமிழ்லருந்து போனது. நீங்களே பாருங்க, அவன் 'டெ'ன்னு கூடச் சொல்லல, 'தே'ன்னுதான் சொல்றான்." அத்தோடு நிற்கவில்லை. கிரேக்கத்தில் பழையது என்பதற்குப் 'பலையொஸ்' என்று ஒரு சொல் இருக்கிறதாம், அதுவும் நம் 'பழைய'தானாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓசையும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி என்று நாம் வைத்த பெயர்களில் அந்த ஒற்றுமை ஒரு தனி அழகாகவே விழுந்திருக்கிறது. ஆனால் இது சரியா தவறா என்று முடிவு செய்ய இந்த அகராதியைத் திறந்தால், இங்கேதான் கையை விரிக்கிறது. வேர் விஷயத்தில் மிடில் லிடில் படு கஞ்சம். 1889-இன் புத்தகம் என்பதும் ஒரு காரணம். கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்தான லீனியர் பி பலகைகளை மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டியது 1952-இல், பாவம் லிடிலும் ஸ்காட்டும் என்ன செய்வார்கள்.

எனவே மீதியை நடந்துபோனேன். பெரிய லிடில்-ஸ்காட் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பெர்சியஸ் என்ற தளத்திலும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகெயன் தளத்திலும். வேருக்கென்றே சாந்த்ரேன் பிரெஞ்சில் செய்தது, பேக்ஸ் ஆங்கிலத்தில் 2010-இல் வெளியிட்டது என்று தனி அகராதிகள் உண்டு. நண்பரின் பிள்ளை வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினான். அதில் தெரிந்துகொண்டதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் மைத்துனருக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

தேலெவின் த, பிறவியிலேயே த கிடையாது. ஆதியில் அங்கே இருந்தது 'க்வ' மாதிரி, உதட்டைக் குவித்துச் சொல்கிற ஒரு ககரம். எகர ஏகாரத்துக்கு முன்னால் வந்தால் ஏதென்ஸ்காரன் அதைத் த ஆக்கினான். லெஸ்பொஸ் தீவுப் பக்கத்து ஈயோலியக் கிளையில் அதே ஒலி ப ஆனது. உதாரணத்துக்கு நாலு என்ற எண்ணை எடுங்கள். லத்தீனில் 'க்வாத்துவோர்', க்வ அப்படியே இருக்கிறது. ஏதென்ஸில் 'தெத்தரெஸ்', த. ஹோமரில் மிஞ்சியிருக்கும் ஈயோலிய வடிவம் 'பிஸுரெஸ்', ப. சமஸ்கிருதத்தில் ச, நமக்குத் தெரிந்த சதுர்த்தி, சதுர்வேதம் எல்லாம் அதுதான். லீனியர் பி பலகையில் நாற்கால் என்பதை 'க்வெ-தொ-ரொ' என்று தொடங்கி எழுதியிருக்கிறார்கள். அதாவது கிறிஸ்துவுக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னால்கூட கிரேக்கன் வாயில் அந்த க்வ உயிரோடுதான் இருந்தது, அதற்கென்று தனிக் குறிகளே வைத்திருந்தான்.

தேலெவுக்கும் இதே கணக்குதான். ஈயோலியத்தில் அதன் உருவம் 'பேலொய்'. இதைப் பார்த்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அது வருகிற இடம் அப்படி. லெஸ்பொஸ் தீவின் பெண்கவி சாப்ஃபோ, கிறிஸ்துவுக்கு அறுநூறு வருஷம் முன்னால் வாழ்ந்தவள், அஃப்ரொதீத்தே தேவியை அழைக்கும் பாட்டில், முன்பு ஒருமுறை என் குரலைத் தொலைவில் கேட்டு நீ வந்தாயே, அதுபோல இப்போதும் வா என்கிறாள். குரலைத் தொலைவில் கேட்பது! அதற்குத்தானே ஐயா நாங்கள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தோம்? குரல் என்பதற்கு அவள் போட்ட சொல் 'ஃபோனே' இல்லை, வேறு. அதனால் டெலிபோன் அங்கே பிறந்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனாலும் துறைக்காரனுக்கு அந்த வரி சும்மா போகாது.

ஆக, தொலையிலிருந்து தேலெ என்றால் த-வில் தொடங்கி த-வில் முடிய வேண்டும். இங்கே க்வ-வில் தொடங்கி, ஒரு ஊரில் த, இன்னொரு ஊரில் ப. நம்முடைய தொலைக்கோ த ஆதியிலிருந்தே உள்ளது, கன்னடத்திலும் தெலுங்கிலும் விலகிப்போவதைச் சொல்கிற 'தொலகு' என்ற சொந்தக்காரர்களோடு தனிக்குடும்பமாகவே இருக்கிறது. தொலைந்துபோவதும் தொலைவும் ஒரே இடத்தில் நிற்பது நம் குடும்பத்துக் குணம், கிரேக்கத் தேலெவுக்குத் தொலைந்துபோகத் தெரியாது.

மைத்துனரின் இரண்டாவது சாட்சிதான் வழக்கையே கவிழ்த்தது. பலையொஸ் என்பதன் அடி 'பலை', நெடுநாளுக்கு முன் என்று பொருள், அதுவும் வினையடைதான். பேலியோலிதிக் என்று பழைய கற்காலத்துக்கு வைத்த பெயர் அதிலிருந்து. இந்தப் பலையும் நம் தேலெவும் ஒரே வேர் என்கிறார்கள் அறிஞர்கள். அகரம் வந்த இடத்தில் க்வ ப ஆனது, ஏகாரம் வந்த இடத்தில் த ஆனது. இடத்தில் தூரம் தேலெ, காலத்தில் தூரம் பலை. கிரேக்கத்தில் இவை இரண்டும் பங்காளிகள். தமிழில் தொலையும் பழமையும் பங்காளிகளா? ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். அப்படியென்றால் இரண்டும் தமிழிலிருந்து போயிருக்க வழியே இல்லை. இதைச் சொன்னபோது மைத்துனர் காபியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

இருக்கிறது, சுற்றுவழியில். இதே வேருக்குச் சமஸ்கிருதத்தில் 'சரம' என்ற சொல்லைச் சேர்த்துக் காட்டுகிறார்கள், கடைசி, எல்லை என்று பொருள், முன்னே சொன்ன நாலு போலவே அங்கே ச. வேல்ஸ் மொழியில் தூரத்துக்குப் 'பெல்'. அந்தச் சரமவை நாம் கடன் வாங்கி வைத்திருக்கிறோம்: பெரியவர்கள் செத்தால் அச்சடித்துக் கொடுத்த சரமகவி, வைணவர்கள் கீதையில் போற்றும் சரம சுலோகம். டெலிவிஷனுக்கும் சரமகவிக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று மைத்துனரிடம் சொன்னேன். எங்கப்பாவுக்கு அடிச்ச சரமகவி பெட்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன் என்றார். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

இவ்வளவு பழைய, அதுவும் கவிதையில் மட்டும் புழங்கிய ஒரு சொல் நம் கைக்கு எப்படி வந்தது என்பது வேடிக்கை. ஏதென்ஸ் கடைத்தெருவில் தூரம் என்று சொல்ல 'பொர்ரோ' என்றோ 'மக்ரான்' என்றோ சொல்வார்கள், தேலெ என்றால் ஏதோ பாட்டு பாடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். 1611-இல் ரோமில் கலிலியோவுக்குக் கொடுத்த விருந்தில் திமிசியானி என்ற கிரேக்கர் அந்தக் குழாய்க்கு டெலஸ்கோப் என்று பெயர் வைத்தார், அதிலிருந்துதான் வரிசை ஆரம்பம். பிரான்ஸில் 1790-களில் குளோத் ஷாப் மலைக்கு மலை கோபுரம் கட்டி மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பினார், அவர் முதலில் நினைத்த பெயர் 'விரைவெழுத்து' என்கிற பொருளில், நண்பர் ஒருவர் சொல்லித்தான் டெலிகிராஃப் ஆனது. மின்சாரமே இல்லாத டெலிகிராஃப்! டெலிவிஷன் 1900-இல் பாரிஸ் மாநாட்டில் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் வைத்த பெயர், தலை கிரேக்கம் உடம்பு லத்தீன். இந்தியாவில் பொதுமக்களுக்கு 1854-இல் திறந்த தந்தி 2013 ஜூலையில் மூடியபோது எங்கள் ஆபீஸில் ஒருவர் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

இந்தப் பெயர்க் கதைகள் எதுவும் மிடில் லிடிலில் இருக்காது, அது கிரேக்கத்தோடு நின்றுவிடும், அது அதன் வேலையும் இல்லை. அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை. குறைத்தது வேருக்காக ஒன்று, அப்புறம் ஆங்கிலத்துக்காக இன்னொன்று. பொருள் சொல்கிற ஆங்கிலம் விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலம், சில இடங்களில் கிரேக்கத்துக்கு ஆங்கிலம் பார்த்து, ஆங்கிலத்துக்கு இன்னோர் அகராதி பார்க்க வேண்டியிருக்கிறது. கூச்சமான சொற்களுக்கு மழுப்பலாகப் பொருள் சொல்லி நழுவுவதும் உண்டு. கேம்பிரிட்ஜில் 2021-இல் வெளியிட்ட புதிய அகராதி இந்த விஷயத்தில் வெளிப்படையானது என்கிறார்கள், விலையைப் பார்த்தேன், ஓய்வூதியக்காரன் பேச வேண்டிய பொருள் இல்லை.

அரை கூடக் கொடுத்தது தாளுக்கும் அச்சுக்கும். தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல், தாள் மெல்லியது, ஆனால் பின்பக்கத்து எழுத்து தெரியவில்லை. பொடி எழுத்தாக இருந்தும் கிரேக்கத்தின் உச்சரிப்புக் குறிகள், அந்தக் கொசுறு கொம்புகள்கூட, கண்ணாடி போட்டால் துல்லியமாகத் தெரிகின்றன. இந்த ஊர் ஈரத்தில் எத்தனையோ மழைக்காலம் இருந்தும் தையல் விடவில்லை. அட்டை மட்டும் பூசணம் பூத்து வெல்வெட் மாதிரி இருந்தது, நிழலில் உலர்த்தித் துணியால் துடைத்தேன். வாசம் போகவில்லை. புத்தக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுங்கள், மலையில் வேறு வழி கிடையாது.

இதெல்லாம் அகராதியின் கணக்கு. கடைக்குத் தனியாக ஒன்றரைதான் கொடுப்பேன். "பக்கமெல்லாம் சரியா இருக்குண்ணே, நானே பாத்துட்டேன்" என்று சொல்லித்தான் விற்றார். வீட்டில் வந்து பார்த்தால் ஒமேகாவில் கடைசித் தாள்கள் இல்லை. போய்ச் சொன்னதற்கு, "கடைசி எழுத்துதானேண்ணே, யாரு அதுவரைக்கும் போகப் போறா" என்கிறார். பணமும் திரும்பவில்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பக்கங்களை இணையத்துப் பிரதியிலிருந்து அச்செடுத்துச் செருகி வைத்திருக்கிறேன்.

அதே கடையில் இதே தடிமனில் ஒரு லத்தீன் அகராதியும் கிடக்கிறது, கீழ்த்தட்டில், இடது ஓரம். 400 சொல்கிறார், 250-க்கு வரும். வாங்குவதாக இருந்தால் கடைசி எழுத்துவரை அங்கேயே நின்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.